லைசென்ஸ் மாற்றித் தருகிறேன் என்று வரும் ஏஜென்ட்: டர்பன் தமிழர்கள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் புதிதாகக் குடியேறியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, பி.ஆர். (நிரந்தர வசிப்பிட அனுமதி) கிடைத்து இன்னும் ஒரு வருடம் முடியாதவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். "நீங்க வரவே வேண்டாம், இந்திய லைசென்ஸைக் கொடுங்க, இந்த ஊர் லைசென்ஸா மாத்திக் கொண்டு வந்து தரேன்" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார். என்னிடம் அப்படிச் சொன்னவர் 5,500 ராண்ட் வாங்கினார். என் அசல் லைசென்ஸையும் வாங்கிக்கொண்டார். இரண்டையும்விடப் பெரிய நஷ்டம், சட்டம் எனக்குக் கொடுத்திருந்த ஒரு வருட அவகாசம் அவர் கையில் இருந்தபடியே முடிந்துபோனது.

அந்த அவகாசம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இது தெளிவாகத் தெரியாததால்தான் இந்த மாதிரி ஆட்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் தற்காலிக விசாவில், அதாவது வேலை விசா, படிப்பு விசா போன்றவற்றில் இருப்பவர் தன் நாட்டு லைசென்ஸிலேயே ஓட்டலாம். அது காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும், போட்டோவும் கையெழுத்தும் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மொழிபெயர்ப்பு கூடவே இருக்க வேண்டும். தமிழ்நாட்டு லைசென்ஸில் விவரமெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பதால் நமக்கு இதில் சிக்கல் இல்லை. நானும் அப்படித்தான் வந்த நாள் முதல் ஓட்டிக்கொண்டிருந்தேன். நம் ஊரைப் போலவே இங்கும் இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பழகவும் சிரமம் இருக்கவில்லை.

நிரந்தர வசிப்பிட அனுமதி கிடைத்ததும் கணக்கு மாறுகிறது. கிடைத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் வெளிநாட்டு லைசென்ஸைக் கொடுத்து இந்த நாட்டு லைசென்ஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வருடத்துக்குள் போனால் ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை, எழுத்துத் தேர்வும் இல்லை. தாண்டிவிட்டால் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து லேர்னர்ஸ் (பழகுநர் லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வு) எழுதுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த விதியை எனக்கு முதலில் சொன்னவரே அந்த ஏஜென்ட்தான். அதைச் சரியாகவே சொன்னார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான விதியைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டு, அதற்கான தீர்வில்தான் பொய்யைச் சேர்த்தார்.

கோயில் அன்னதானத்தில் தெரிந்த ஒரு குடும்பம் மூலமாக அறிமுகமானார். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து பல வருடமாக இங்கே இருப்பவர். விசா பேப்பர், வீட்டு வாடகை ஒப்பந்தம், லைசென்ஸ் என்று எல்லாவற்றுக்கும் ஆள் என்றார்கள். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடையின் மாடியில் சின்ன அறை, மேஜை மேல் சாமி படம், பேச்சுக்குப் பேச்சு "அக்கா". டர்பனில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியில் லட்சக்கணக்கான தமிழர்கள் இங்கே வாழ்கிறார்கள். காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், கோயில்களைப் போற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலம்தான் பேச்சு. அதனால் சரளமாகத் தமிழ் பேசும் ஒருவர் கிடைத்தால் நமக்கு மனசு இளகிவிடுகிறது. அந்த இளக்கத்தின் மேல்தான் இவர் கடை போட்டிருக்கிறார்.

நம் ஊரில் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் டிரைவிங் ஸ்கூல்காரரிடம் ஃபாரம், ஃபீஸ் எல்லாவற்றையும் ஒப்படைத்துப் பழகியவர்கள் நாம். ஆள் வைத்துச் செய்வது நமக்குத் தப்பாகவே படுவதில்லை. இவரும் அப்படித்தான் பேசினார். "கூட்டம் தாங்காது அக்கா, லீவு போட்டு நிக்க முடியாது, உள்ளே நமக்கு ஆள் இருக்கு, தூதரகக் கடிதமும் நானே வாங்கிடறேன்." பாதிப் பணம் முதலில், மீதி ஒரு மாதம் கழித்து. அசல் லைசென்ஸ், பாஸ்போர்ட் நகல், பி.ஆர். சான்றிதழ் நகல், வீட்டு முகவரிக்கான பில், பூர்த்தி செய்யாத படிவத்தில் என் கையெழுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு தாள் கொடுத்தார். என் போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, பார்கோடு எல்லாம் இருந்தது. டெம்பரரி லைசென்ஸ், கார்டு வரும்வரை இதை வைத்து ஓட்டலாம் என்றார். இந்த நாட்டில் டெம்பரரி லைசென்ஸ் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. தாளில்தான் தருவார்கள், ஆறு மாதம் செல்லும். அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

கார்டு ஏன் வரவில்லை என்று கேட்கும்போதெல்லாம் "மெஷின் ரிப்பேர் அக்கா, நியூஸ்ல பாக்கலையா" என்பார். நியூஸிலும் அது வந்துகொண்டுதான் இருந்தது. தென்னாப்பிரிக்கா முழுவதுக்கும் லைசென்ஸ் கார்டு அச்சடிக்க பிரிட்டோரியாவில் ஒரே ஒரு மெஷின்தான் இருந்தது. கால் நூற்றாண்டு பழையது. 2025 பிப்ரவரியில் அது பழுதாகி நின்று, நாடு முழுவதும் பல லட்சம் கார்டுகள் தேங்கிப்போயின. விண்ணப்பமே போடாதவருக்கு அதைவிட வசதியான சாக்கு கிடைக்காது. மற்றவர்கள் எல்லோரும் காத்திருந்ததால் நானும் காத்திருந்தேன்.

உண்மை தெரிந்தது ஹிகின்சன் ஹைவேயில் ஒரு சோதனைத் தடுப்பில். வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். தாளை வாங்கிப் பார்த்த காவலர் என் எண்ணைக் கேட்டு விசாரித்துவிட்டு வந்தார். ஈநாட்டிஸ் என்று இங்கே ஒரு தேசியப் பதிவுக் கணினி இருக்கிறது. வண்டி, லைசென்ஸ், விண்ணப்பம் எல்லாம் அதில்தான் பதிவாகும். என் பெயரில் அதில் எந்த விண்ணப்பமும் இல்லை என்றார். நிலுவையில் இருக்கிறது என்றோ நிராகரிக்கப்பட்டது என்றோ சொல்லவில்லை, இல்லவே இல்லை என்றார். அபராதச் சீட்டு எழுதினார், இனி வண்டியைத் தொடக்கூடாது என்றார். கணவர் வந்து வண்டியை எடுத்துப்போனார். அவருக்குக் கம்பெனி மூலமாக முன்பே முறையாக மாற்றியிருந்ததால் அதுவாவது முடிந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் அபராதம் இல்லை. அத்தனை மாதமும் செல்லுபடியாகும் லைசென்ஸ் எதுவும் கையில் இல்லாமல், பின்சீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராமல் மறுக்கலாம். எதிர்வண்டிக்காரருக்கு ஆகும் செலவு நம் தலையில் விழும். ஒரு சின்ன மோதல் நடந்திருந்தால்கூட எங்கள் சேமிப்பு முழுவதும் போயிருக்கும்.

மறுநாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னை லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் அரசு அலுவலகமான டெஸ்டிங் சென்டருக்கு அழைத்துப் போனார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், தமிழில் "வணக்கம்" தவிர அதிகம் வராது, ஆனால் எனக்காக விடிகாலையில் எழுந்து வந்து வரிசையில் நின்றார். கவுன்டரில் இருந்த அம்மா பொறுமையாக விளக்கினார். லைசென்ஸ் விண்ணப்பம் என்றால் உங்கள் கைரேகையை அங்கேயே எடுப்பார்கள், கண் பரிசோதனையை அங்கேயே செய்வார்கள், போட்டோவும் கையெழுத்தும் அங்கே இருக்கும் மெஷினிலேயே பதிவாகும். இதையெல்லாம் இன்னொருவர் உங்களுக்குப் பதிலாகப் போய்ச் செய்ய வழியே இல்லை.

இந்த ஒரு விஷயம் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் போதும். அதனால்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன். உங்கள் விரலும் கண்ணும் அந்தக் கட்டடத்துக்குள் போகவில்லை என்றால் உங்கள் விண்ணப்பமும் போகவில்லை. படிவம் நிரப்ப உதவி செய்கிறேன், வரிசையில் இடம் பிடிக்கிறேன் என்பவர் வேறு. வரவே வேண்டாம் என்பவரிடம் கொடுக்கும் பணத்துக்கு வாங்கக்கூடிய பொருள் எதுவும் உலகத்தில் இல்லை. முறையாகப் போனால் அரசுக்குக் கட்டுவது சில நூறு ராண்ட்தான், அதுவும் ரசீதோடு. அந்த ரசீதில் உங்கள் பெயர் இருக்கும்.

"உள்ளே ஆள் இருக்கு" என்ற பேச்சுக்கும் மயங்காதீர்கள். 2004ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டப்படி இந்த நாட்டில் லஞ்சம் வாங்குபவர் மட்டுமில்லை, கொடுப்பவரும் குற்றவாளி. உங்கள் பி.ஆரையே கேள்விக்குள்ளாக்கக்கூடிய விஷயம் இது.

தூதரகக் கடிதம் பற்றியும் சொல்ல வேண்டும். லைசென்ஸ் உண்மையானது, இன்ன வகை வண்டிக்கானது, இன்றும் செல்லுபடியாகிறது என்று அதைக் கொடுத்த நாட்டுத் தரப்பிலிருந்து உறுதிக் கடிதம் கேட்பார்கள். இந்தியர்களுக்கு டர்பனிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. நேரடியாகக் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் எனக்குக் காட்டிய கடிதத்தின் போட்டோவை இப்போது பார்த்தால் என் பிறந்த வருடமே தப்பாக இருக்கிறது. அது எங்கேயாவது என் பெயரில் சமர்ப்பிக்கப்பட்டிருந்தால் போலிக் கடிதம் கொடுத்தவள் நான் என்று ஆகியிருக்கும்.

சரி, இப்போது என் நிலைமை. வருடம் தாண்டிவிட்டதால் லேர்னர்ஸ் எழுத வேண்டியதாயிற்று. சாலை விதி, அடையாளப் பலகைகள், வண்டியின் கட்டுப்பாடுகள் என மூன்று பகுதி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். அதை முடித்துவிட்டேன். ஆனால் லேர்னர்ஸில் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ள ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்திலிருந்து பைன்டவுனுக்கு வேலைக்குப் போகும் எனக்கு அது நடக்கிற காரியமா? மினிபஸ் டாக்சியில் மாறி மாறிப் போகிறேன். குளிர்காலத்தில் இருட்டிய பிறகு திரும்புகிறேன், வீடு வந்து சேரும்வரை கணவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்தது கே53 டெஸ்ட், அதாவது இந்த நாட்டில் ஓட்டிக்காட்டும் தேர்வு. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இதற்குத் தனியாகப் பயிற்சி எடுங்கள் என்பேன். நாம் ஓட்டும் பழக்கமே இங்கே எதிரியாகிவிடுகிறது. வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஹேண்ட்பிரேக், நகரும் முன் கண்ணாடிகள், தோளைத் திருப்பி மறைவிடப் பார்வை. மேட்டில் வண்டியை எடுக்கும்போது கொஞ்சம் பின்னால் உருண்டாலும் அதோடு ஃபெயில். கம்பத்தைத் தொட்டாலும் ஃபெயில். பயிற்சிக்குச் செலவாகும் பணம் ஏஜென்டிடம் போனதைத் தாண்டிவிடும் போலிருக்கிறது.

தொலைந்த தமிழ்நாட்டு லைசென்ஸுக்கும் அலைய வேண்டியிருக்கிறது. அதைத் திருப்பித் தரக் கேட்டபோது அவர் இன்னும் பணம் கேட்டார், பிறகு போனையே எடுக்கவில்லை. ஊருக்குப் போகும்போது ஓட்ட வேண்டுமே என்று டூப்ளிகேட்டுக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்கு போலீஸ் புகார் வேண்டும், லைசென்ஸ் தொலைந்ததைத் தெரிவிக்கும் எல்எல்டி என்ற படிவம் வேண்டும். உங்களில் இந்திய லைசென்ஸ் முடியப்போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முடிந்து ஒரு வருடம் தாண்டினால் அங்கேயும் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் வாங்குபவருக்கோ புதுப்பிப்பவருக்கோ பத்து வருடம்தான் தருகிறார்கள். காலாவதியான லைசென்ஸை இங்கே மாற்றவும் முடியாது. எனவே லீவில் ஊருக்குப் போகும்போது தேதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

போலீஸில் புகார் கொடுத்து வழக்கு எண் வாங்கியிருக்கிறேன். சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுத வக்கீலிடம் போகத் தேவையில்லை, எந்த போலீஸ் ஸ்டேஷனிலும் இலவசமாகச் செய்து தருவார்கள். அவர் கையில் என் பாஸ்போர்ட் நகலும் கையெழுத்தும் இருப்பதால், என் பெயரில் கடன் எடுத்துவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது. இதற்கு எஸ்ஏஎஃப்பிஎஸ் என்ற தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்பு அமைப்பில் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளலாம், காசு கிடையாது. உங்கள் அடையாள எண்ணில் யாராவது கடன் கேட்டால் வங்கிகள் கூடுதலாகச் சரிபார்க்கும். நான் செய்துவிட்டேன். யாரிடமாவது நகல் கொடுக்க நேர்ந்தால் அதன் குறுக்கே என்ன காரியத்துக்கு, என்ன தேதியில் என்று எழுதிக் கொடுங்கள்.

வழக்கு முடியும்வரை அவர் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால் எழுதவில்லை. ஆனால் நான் மட்டும் ஏமாந்திருக்க வாய்ப்பில்லை என்று தெரியும். அன்னதானத்தில் விசாரித்தபோதே இன்னும் இரண்டு குடும்பம் கார்டுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். ஒருவருக்கு பி.ஆர். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அவர் அடுத்த நாளே நேரில் போய்த் தானே விண்ணப்பித்துவிட்டார், ரசீதும் கையில் இருக்கிறது. உங்களுக்கும் தாளில் டெம்பரரி லைசென்ஸ் ஒன்றை யாராவது கொண்டுவந்து கொடுத்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே டெஸ்டிங் சென்டருக்குப் போய் ஈநாட்டிஸில் உங்கள் விண்ணப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், லைசென்ஸ் உள்ள ஒருவரை ஓட்டச் சொல்லிப் போங்கள். இல்லை என்று தெரிந்தால் உங்கள் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் தனியாகப் புகார் கொடுங்கள், வங்கி வழியாகப் பணம் அனுப்பியதற்கான ஆதாரத்தையும் அவரோடு பேசிய வாட்ஸ்அப் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.