கறுப்பு கிரானைட் வாங்குகிறவர்கள் அறுத்த ஓரத்தைப் பாருங்கள்

குன்னம் கறுப்பு என்கிற கறுப்பு கிரானைட் என்று சொல்லி, சமையல் மேடைக்குச் சாயம் ஏற்றிய சாம்பல் கல்லை என் தலையில் கட்டிவிட்டார்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நாலு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் சிங்க்கைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு வெளுத்தது. எண்ணெய்ப் பாட்டில் வைக்கிற இடத்தில் வட்டமாக ஒரு கறை. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கடைக்காரரைக் கேட்டால், "சோப்பை மாத்திப் பாருங்க சார்" என்றார். மாற்றினோம். அடுத்த தடவை அவர் போனையே எடுக்கவில்லை.

குட்டு உடைந்தது கொல்லையில்தான். சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டைத் துணி துவைக்கப் போட்டிருந்தோம். வெயிலிலும் மழையிலும் கிடந்ததில் பளபளப்பு அப்படியே இருக்க, நிறம் மட்டும் சாம்பலாகிவிட்டது. வெட்டிய அன்றே மேஸ்திரி, "உள்ள வெளுப்பா இருக்கே சார்" என்றார். அறுத்த தூசியாக இருக்கும் என்று அவர் வாயை அடைத்தவன் நான்தான். நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து மேடையில் தேய்த்தேன். பஞ்சு கண்மை துடைத்தது போல ஆனது.

கறுப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் டோலரைட், கேப்ரோ வகைக் கல். புவியியல்காரர்கள் அதை கிரானைட்டில் சேர்க்க மாட்டார்கள். கறுப்பு அதிலுள்ள பைராக்சீன் போன்ற கனிமங்களின் சொந்த நிறம். கனமும் அதிகம்: கன மீட்டருக்கு டோலரைட் ஏறக்குறைய 3,000 கிலோ, சாதாரண கிரானைட் 2,650 கிலோ அளவு. கனிம மணிகள் நெருக்கமாக இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்குவது ரொம்பக் குறைவு. சமையல் மேடைக்கு அதைத் தேடுவதே இதற்காகத்தான். சாயம் ஏற்ற வேண்டுமானால் கல் அதைக் குடிக்க வேண்டுமே! சாயத்தைக் குடிக்கிற கல் எண்ணெயையும் மஞ்சளையும் விட்டுவைக்குமா?

அதனால் பாலிஷ் போட்ட முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு மூலையை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள், உள்ளேயும் கறுப்பாக இருக்க வேண்டும். ரிமூவரும் பஞ்சும் பையில் இருக்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பாலிஷ் இல்லாத பின்பக்கத்தில் தண்ணீர் விட்டால் மளமளவென்று இழுக்கக் கூடாது. தடிமனையும் அளந்துவிடுங்கள். என்னிடம் 20 மில்லிமீட்டர் என்றார்கள், ஸ்கேல் வைத்தால் 16.

பில்லில் கல்லின் பெயரைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'கிரானைட், கறுப்பு' என்று மட்டும்தான் இருக்கிறது. வாங்கின அன்று அது கறுப்பாகத்தானே இருந்தது என்கிறார்கள்.