டிடிஜே-400: நான்கு ஆண்டுப் பழக்கத்தில் தெரிந்தவை

மடிக்கணினியில் ஓடும் பாட்டுகளைக் கையால் இயக்க உதவும் பயோனியரின் டிடிஜே-400 கன்ட்ரோலரை, ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளோடு சேர்த்து நான்கு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். மதுரைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் வரவேற்பு நிகழ்ச்சிகளுக்கு டிஜே செய்வது என் தொழில். 2018-இல் வெளிவந்த இந்தக் கருவியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேடையில் அது எப்படி இருக்கும் என்பதையே பெரும்பாலும் சொல்கிறார்கள். எனக்கோ அதன் முழுப் பயனும் நிகழ்ச்சிக்கு முந்தைய இரவில், வீட்டில் பாட்டுகளைத் தயார் செய்யும்போதுதான் தெரிந்தது.

முதல் ஓராண்டு அந்த வேலையை மவுஸைக் கொண்டே செய்து வந்தேன். திரையில் தெரியும் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, உயரமாக எழும் இடத்தில் அம்பைக் கொண்டுபோய் க்யூ (பாட்டு தொடங்க வேண்டிய இடத்தின் குறி) வைப்பேன். அந்த உயரம் அடியின் உச்சம் என்பதும், காது தாளமாக எடுத்துக்கொள்வது அந்த அடி தொடங்கும் நொடியைத்தான் என்பதும் பல மேடைகளில் பாட்டு சற்றே முந்தி விழுந்த பிறகுதான் புரிந்தன.

இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டை நிறுத்தி, ஜாக் வீல் என்ற வட்டச் சக்கரத்தின் மேல்தட்டில் இரண்டு விரல்களை வைத்து முன்னும் பின்னுமாக மெதுவாகத் திருப்புகிறேன். தபலாவின் அடி முதலில் ஒரு மங்கிய உறுமலாகக் கேட்கும்; இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்தால் உறுமல் மறைந்து, தோலில் விரல் படும் அந்த முதல் சொடுக்கு மட்டும் நிற்கும். அங்கே இடக்கையால் பேடு என்ற பொத்தானை அழுத்தினால் ஹாட் க்யூ, அதாவது அந்த இடத்துக்கு உடனே தாவ உதவும் குறி, பதிந்துவிடுகிறது. இதைச் செய்வதற்கு முன் மென்பொருளின் குவான்டைஸ் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், நாம் காதால் கண்டுபிடித்த இடத்தை விட்டுவிட்டு மென்பொருள் அருகிலுள்ள கிரிட் கோட்டில் (அது தானாகக் கணித்துப் போட்ட தாளக் கோட்டில்) க்யூவைக் கொண்டுபோய் வைத்துவிடும்.

எழுபது, எண்பதுகளின் திரைப்பாடல்களுக்கு இந்தப் பொறுமை கட்டாயம் வேண்டும். வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பதிவான பாட்டுகளில் வேகம் இயல்பாகவே ஏறி இறங்கும். என்னிடம் உள்ள ஒரு பாட்டு பல்லவியில் 104 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 104 அடிகள்) தொடங்கி, கடைசிச் சரணத்தில் 107-ஐத் தொடுகிறது. ரெக்கார்ட்பாக்ஸில் இத்தகைய பாட்டுகளுக்கென்று டைனமிக் என்ற பகுப்பாய்வு முறை உண்டு, அது நன்றாகவே உதவுகிறது. ஆனாலும் தாளம் ஓய்ந்து புல்லாங்குழலோ வயலினோ மட்டும் ஒலிக்கும் இடையிசைக்குப் பிறகு, கிரிட்டை ஒருமுறை காதால் சரிபார்க்காமல் நான் எந்தப் பாட்டையும் மேடைக்குக் கொண்டு போவதில்லை.

எட்டு பேடுகளுக்கும் எல்லாப் பாட்டிலும் ஒரே ஒழுங்கை வைத்திருக்கிறேன். முதல் பேடு முதல் அடி, இரண்டாவது பல்லவி, மூன்றாவது இடையிசை, நான்காவது சரணம், எட்டாவது வெளியேறும் இடம். தயார் செய்தபோது அழுத்திய அதே பேடுகளையே மண்டபத்திலும் அழுத்துவதால், மணமக்களின் நண்பர்கள் மேடைக்கு முன்னால் வந்து வேறு பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதுகூட விரல் தானாகச் சரியான இடத்துக்குப் போகிறது. மவுஸால் வைத்த க்யூக்கள் ஒருநாளும் இப்படிக் கைக்குப் பழகியதில்லை.

பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஃபேடரைப் பற்றி, புதிதாக வாங்குவோருக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ள 1983-இல் வந்த மிடி முறையில், சாதாரணச் செய்தி ஒன்று 128 படிகளையே சொல்ல முடியும். 120 பிபிஎம் பாட்டொன்றை கூட்டல் கழித்தல் 10 சதவீத எல்லையில் வைத்தால், 24 பிபிஎம் அகலத்தை அந்த 128 படிகள் பங்கிட்டுக்கொள்ள, ஒரு படி ஏறத்தாழ 0.19 பிபிஎம் ஆகிறது. அரைப்படி தவறினாலே ஒரு நிமிடத்தில் இரண்டு பாட்டுகளும் 50 மில்லி செகண்டு அளவுக்கு விலகி, ஒரே அடி இரண்டு அடியாகக் கேட்கும். டிடிஜே-400-இன் ஃபேடர் இரண்டு செய்திகளைச் சேர்த்து 14 பிட் அளவில், அதாவது மிக நுண்ணிய படிகளாக, அனுப்புவதால் இந்தத் தொல்லை இல்லை. எந்தக் கன்ட்ரோலர் வாங்கினாலும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கருவிக்கு வேண்டிய மின்சாரம் யுஎஸ்பி வழியாகவே வருகிறது. ஒரு வரவேற்பில் மலிவான ஹப் ஒன்றின் வழியே இணைத்திருந்தேன். மின்சாரம் போதாமல் கன்ட்ரோலர் அணைந்து, மண்டபம் முழுவதும் சில நொடிகள் நிசப்தமானது. மணமகளின் தந்தை திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அன்றிலிருந்து மடிக்கணினியில் நேரடியாகவே செருகுகிறேன், மாற்றுக் கேபிள் ஒன்றும் பையில் இருக்கும். ஒலிபெருக்கிக்குப் போகும் மாஸ்டர் வெளியீடு, நீண்ட தூரத்தில் இரைச்சல் ஏற்கும் ஆர்சிஏ இணைப்பு மட்டுமே என்பதால், நீளமான கேபிள் இழுக்கும் மண்டபங்களுக்கு அந்த இரைச்சலைத் தடுக்கும் ஒரு டிஐ பாக்ஸும் எடுத்துச் செல்கிறேன்.

இப்போது இதன் இடத்துக்கு டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குவோர் அதைப் பார்க்கலாம், நான் மாற்றப் போவதில்லை. பழைய பாட்டுகளில் நாற்பதுக்கு மேல் இன்னும் கிரிட் சரிபார்க்காமல் கிடக்கின்றன. நிகழ்ச்சிகள் இல்லாத ஆடி மாதத்தில் இதே ஜாக் வீலில் உட்கார்ந்து அவற்றை முடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.