பங்க் ராக்கை எதில் தொடங்குவது: ரமோன்ஸா, பஸ்காக்ஸா, க்ளாஷா?

பங்க் என்பது எழுபதுகளின் நடுவில் கிளம்பிய வேகமான, எளிமையான, முரட்டு ராக். அதைப் புதிதாகக் கேட்க வருகிறவனுக்கு நாலு ஆல்பத்தின் பெயரைச் சொல்லி அனுப்பினால், ஒரு வாரம் கழித்து வந்து பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வான். "எல்லாப் பாட்டும் ஒண்ணு போலயே இருக்குண்ணே" என்றால் நியூயார்க் பேண்ட் ரமோன்ஸைக் கேட்டிருக்கிறான். "இது பங்க் மாதிரியே இல்லையே" என்றால் லண்டன் பேண்ட் க்ளாஷின் 'லண்டன் காலிங்'. இரண்டும் அருமையான ஆல்பங்கள்தான். கொடுத்த வரிசைதான் கோளாறு.

திருநெல்வேலிப் பக்கத்துக் காதுக்கு இரைச்சல் ஒன்றும் புதிதில்லை. கோவில் கொடை நாளில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அடிநாதமே இல்லாமல் நடுவொலி மட்டும் கிழித்துக்கொண்டு வருவது பழகிய சங்கதி. ரமோன்ஸின் கிதாரும் கிட்டத்தட்ட அந்த ரகம். தடுக்கிவிடுவது வேகமோ சத்தமோ அல்ல, நடை. நையாண்டி மேளமும் குத்துப்பாட்டும் பெரும்பாலும் மூன்று மூன்றாக உருண்டு வரும். பங்க் நேர் நாலு. உடம்பு அந்த உருளலுக்காகக் காத்திருக்கும், அது வராது. வராததால் பாட்டு மொட்டையாகப் படும்.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டே ஸ்நேர் டிரம்மை மட்டும் கவனியுங்கள். இரண்டிலும் நாலிலும் 'டப்' என்று விழும். அதற்கு மட்டும் காலைத் தட்டினால் மூன்றாவது பாட்டுக்குள் பிடிபட்டுவிடும்.

இனி ஒவ்வொன்றாக.

ரமோன்ஸின் முதல் ஆல்பம் 1976 ஏப்ரலில் வந்தது. 14 பாட்டு, மொத்தம் 29 நிமிடம். தென்காசி பஸ்ஸில் ஏறினால் ஊர் வருவதற்குள் இரண்டு முறை சாவகாசமாகக் கேட்டு முடிக்கலாம். பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர், அந்தக் காலத்துக்கே சொற்பம். ஜானி ரமோன் கிதாரை அடிப்பதெல்லாம் கீழ்நோக்கித்தான். கையை மேலே கொண்டுபோகும்போது தந்தியைத் தொடுவதில்லை. 'ப்ளிட்ஸ்க்ரீக் பாப்' பாட்டில் அது நொடிக்கு ஏறத்தாழ 6 அடி. மேலும் கீழும் மாற்றி அடித்தால் இந்த வேகம் சுலபம், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் ஒரே கனம் வராது. அந்தக் கனம்தான் ரமோன்ஸ்.

ஒரு சிக்கல், பலர் கவனிப்பதில்லை. இந்த ஆல்பத்தில் பேஸ் கிதார் இடது பக்கம், கிதார் வலது பக்கம், பாட்டும் டிரம்ஸும் நடுவில் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வயர் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மறு காதைக் கண்டக்டர் குரலுக்கு விட்டு வைத்தால் பாதி பேண்ட் காணாமல் போகும். இடது காது மட்டும் என்றால் கிதார் அநேகமாக இருக்காது. கிதார் இல்லாத ரமோன்ஸை எவன் ரசிப்பான்? போன் செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டிக்குள் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கும்; அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து வரும், தீர்ந்தது. 2016-ல் வந்த 40-ஆம் ஆண்டுப் பதிப்பில் தயாரிப்பாளர் க்ரெய்க் லியானே செய்த மோனோ கலவையும் உண்டு. பஸ்ஸுக்கு அதுதான் சரி. ஆனால் அந்தப் பெரிய பதிப்பை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஓடவிடாதீர்கள். அதே பாட்டுகள் டெமோவாகவும் மேடைப் பதிவாகவும் திரும்பத் திரும்ப வரும். "ஒண்ணு போலயே இருக்கு" என்ற புகாரில் பாதி அங்கே பிறந்ததுதான்.

பஸ்காக்ஸ், மான்செஸ்டர்காரர்கள். 1979-ல் வந்த 'சிங்கிள்ஸ் கோயிங் ஸ்டெடி' ஒரு தொகுப்பு. 16 பாட்டு: முதல் எட்டும் சிங்கிள்களின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு இசைத்தட்டு) முன்பக்கம், அடுத்த எட்டும் அவற்றின் பின்பக்கம். சினிமாப் பாட்டில் ஊறிய காதுக்கு முதலில் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது கிடையாது. வேகம் ரமோன்ஸுடையதுதான், ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் தனி மெட்டு உண்டு, முணுமுணுக்க முடியும். பாடுபொருளும் அரசியல் அல்ல, பெரும்பாலும் கைகூடாத காதல். அதற்கு இங்கே விளக்கவுரை தேவையா என்ன?

கேட்கும் முறை: முதல் பாட்டைத் தாண்டிவிட்டு இரண்டாவதான 'வாட் டூ ஐ கெட்'டில் தொடங்குங்கள். முதல் பாட்டு மோசம் என்று இல்லை; தலைப்பே வில்லங்கம், வீட்டு ஸ்பீக்கரில் போட்டால் அம்மா எட்டிப் பார்ப்பாள். நாலாவது பாட்டு 'லவ் யூ மோர்' இரண்டு நிமிடம்கூட ஓடாது, வெட்டினாற்போல் நின்றுவிடும். நெட் போய்விட்டது என்று போனைத் தட்ட வேண்டாம், பாட்டே அப்படித்தான். எட்டோடு நிறுத்துங்கள். பின்பக்கப் பாட்டுகளில் ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் ஒன்றும் இருக்கிறது. அது அடுத்த வாரத்துக்கு.

க்ளாஷ் விஷயத்தில்தான் சண்டை வரும். 'லண்டன் காலிங்' 1979 டிசம்பரில் வந்தது: 19 பாட்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேல், இரட்டை ஆல்பம், விலை மட்டும் ஒற்றை ஆல்பத்துடையது. எந்தப் பட்டியலிலும் மேலே நிற்கும். அதனாலேயே முதலில் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாவது பாட்டிலேயே ராக்கபில்லி என்ற பழைய ராக் அண்ட் ரோல், மூன்றாவது வரும்போது ஜாஸ், ஐந்தாவதில் ஸ்கா என்ற ஜமைக்கா இசை. பங்க் என்ன என்று தெரிந்தவனுக்கு அது வேலியைத் தாண்டுவது. தெரியாதவனுக்கு வேலியே கண்ணில் படாது. ஆகவே இது இரண்டாவதாகத்தான். அப்போதும் 1, 6, 9, 10, 19 என்று ஐந்து பாட்டு போதும். பத்தாவது 'கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' முழுக்கப் பேஸ் கிதாரின் மேல் நிற்கிறது. போன் ஸ்பீக்கரில் அந்தப் பேஸ் காதில் விழாது; பஸ் எஞ்சின் உறுமலும் அதே கீழ் ஒலியில் வந்து அதை மூடிவிடும். வீட்டில், இரண்டு காதிலும் மாட்டிக் கேட்க வேண்டிய பாட்டு.

க்ளாஷுக்குள் நுழைய தமிழர்களுக்கென்றே ஒரு கொல்லைப்புற வழியும் உண்டு. இலங்கைத் தமிழ் வழிவந்த பாடகி எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசத்தின் 'பேப்பர் ப்ளேன்ஸ்' தெரியுமா? அதில் சுற்றிச் சுற்றி வரும் இசை க்ளாஷின் 1982 பாட்டு 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'லிலிருந்து எடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள்.

செக்ஸ் பிஸ்டல்ஸ்? பெயர் பெரிது, ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றே ஒன்று (1977). பிபிசி தடை செய்த 'காட் சேவ் தி க்வீன்' அதில்தான். ஆனால் வேகத்தை எதிர்பார்த்துப் போகிறவன் ஏமாறுவான். ஸ்டீவ் ஜோன்ஸ் கிதாரை அடுக்கடுக்காகப் பதிந்து சுவர்போல எழுப்பியிருக்கிறார், நடை நிதானம். இங்கிலாந்து ராணியின் பட்டமேற்பு வெள்ளி விழா ஆண்டு அது என்று தெரியாமல் கேட்டால் கோபம் எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். 'ஸ்விண்டில்' என்று அவர்கள் பெயரில் இருக்கும் ஆல்பம் ஒரு சினிமாப் படத்துக்கான ஒட்டுத் துணி, தொட வேண்டாம்.

க்ரீன் டேயின் 'டூக்கி' (1994) யாருக்கும் பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. குறை வேறு இடத்தில். தொண்ணூறுகளின் தடித்த பதிவுக்குக் காது பழகியபின் 1976-க்குப் போனால் ரமோன்ஸ் சோகையாகத் தெரியும். முதலில் ரமோன்ஸ், பிறகு டூக்கி என்றால் அந்த இறக்கம் இல்லை.

இதெல்லாம் பிடித்துவிட்டால் ஆளைப் பார்த்து அனுப்ப வேண்டியதுதான். நாகஸ்வரம் பிடித்த காது என்றால் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் (1978): கிதாருக்கு மேலே சாக்சபோன் கத்திக்கொண்டு வரும், பாடகி பாலி ஸ்டைரீனின் குரல் அதற்கும் மேலே. நம்மூர் நக்கல் உள்ளவன் என்றால் டெட் கென்னடிஸின் 1980 ஆல்பம். ஏழைகளைக் கொன்றுவிடலாம் என்று அதில் ஒரு பாட்டே உண்டு; நிஜம் என்று நம்பி முகம் சுளிக்கிறவனுக்கு அது ஆகாது. மைனர் த்ரெட் கடைசியில்தான், சில பாட்டு ஒரு நிமிடம்கூட வராது.

வேகமும் வேண்டும், நடுநடுவே மூச்சும் விட வேண்டும் என்றால் பேட் பிரெய்ன்ஸ், 1982. நாலைந்து பாட்டு தலைதெறிக்க ஓடும், திடீரென்று ரெகே என்ற நிதானமான ஜமைக்கா நடை வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் கேசட்டாக மட்டுமே வந்த ஆல்பம் அது. ஒலி கரகரவென்றுதான் இருக்கும், அதற்காக ஹெட்செட்டை மாற்றக் கடைக்குப் போக வேண்டாம்.