டெம்ப்ளாட்: நுண்ணளவு மாதிரி ரயில் பாதைக்கு ஏற்ற மென்பொருள்

வீட்டில் நுண்ணளவு (finescale, அதாவது அசலின் அளவுகளைத் துல்லியமாகப் பின்பற்றும்) மாதிரி ரயில் பாதை அமைக்க விரும்புபவர்களுக்கு, பாதையைத் தாங்கும் அடிப்பலகையை வாங்கும் முன்பே, தண்டவாள வரைபடங்களை உருவாக்கும் டெம்ப்ளாட் (Templot) மென்பொருளைப் பழகிக்கொள்ளுமாறு உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். முன்பு விலைக்கு விற்கப்பட்ட இது, இப்போது இலவசமாகவே கிடைக்கிறது.

பிரிட்டனில் பரவலான ஓஓ (OO) என்னும் மாதிரி ரயில் முறையில் அசலின் ஓர் அடிக்கு 4 மி.மீ. என்பது அளவு, ஆனால் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. மட்டுமே. அசல் பாதையின் 1435 மி.மீ. அகலத்தை அதே விகிதத்தில் சுருக்கினால் 18.83 மி.மீ. வர வேண்டும், பி4 (P4) என்னும் துல்லியமான முறை கடைப்பிடிப்பது இதைத்தான். இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துபவர் தண்டவாளத்தைத் தாமே கட்ட வேண்டியிருக்கும் என்பதால், அவருக்கு வேண்டியது கடையில் கிடைக்கும் துண்டுகளை அடுக்கிப் பார்க்கும் செயலி அன்று.

டெம்ப்ளாட்டின் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. பாயிண்ட் (ஒரு பாதை இரண்டாகப் பிரியும் அமைப்பு) ஒன்றை எந்த வளைவிலும் வளைத்து, அதில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராசிங் கோணத்தை 1:6, 1:8 என மாற்றி, நேர்ப்பாதை வளைவாக மாறும் இடத்தில் படிப்படியாக இறுகும் இடைவளைவைச் சேர்த்து, ஸ்லீப்பர் கட்டைகளின் இடங்களோடு முழு அளவில் அச்சிடலாம். அந்தத் தாளின் மேலேயே கட்டைகளை ஒட்டிப் பாதையைக் கட்டிவிடலாம். ரயில்கள் நிலையத்துக்குள் நுழையும் இடத்தில் பாதைகள் ஒன்றோடொன்று இழைந்து பிரியும் அழகு, ஆயத்தத் துண்டுகளால் ஒருபோதும் வராது.

கற்பதற்குப் பொறுமை வேண்டும். கட்டளைப் பட்டியல்கள் மிக நீளமானவை. நிலக்காட்சி, கட்டடங்கள் ஆகியவற்றைத் திட்டமிட வேறு கருவிதான் பொருத்தம். எடுத்தவுடன் முழு நிலையத்தையும் வரைய முனையாமல், ஒற்றைப் பாயிண்டை அச்சிட்டுக் கட்டிப் பார்ப்பது நல்லது.