ஸ்மித் அண்ட் வெஸன் 642, ரூகர் எல்சிஆர்: எதை வாங்கலாம்?

அமெரிக்காவில் உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லச் சிறு ரிவால்வர் தேடுவோர் பலர் கடைசியில் இந்த இரண்டிடம்தான் வந்து நிற்கிறார்கள். இரண்டிலும் .38 ஸ்பெஷல் தோட்டா ஐந்து. சுத்தியல் வெளியே துருத்தாததால் பையில் சிக்காது.

எடையில் பெரிய வேறுபாடில்லை. அலுமினியக் கலவைச் சட்டகம் கொண்ட 642 சுமார் 410 கிராம். 2009இல் அறிமுகமான எல்சிஆர், விசைப்பகுதியின் கூடு பாலிமர் (வலுவான பிளாஸ்டிக்) என்பதால், சுமார் 380 கிராம்.

உண்மையான வேறுபாடு விசையில்தான். இரண்டிலும் ஒவ்வொரு சூட்டுக்கும் நீண்ட இழுப்பு தேவை. 642இல் அது முடிவை நெருங்க நெருங்கக் கனக்கும். எல்சிஆரின் உராய்வு குறைந்த கேம் (cam, விசையின் இழுப்பைச் சுத்தியலுக்குக் கடத்தும் வளைவுப் பகுதி) அமைப்பு பாரத்தைச் சீராகப் பரப்பிவிடுகிறது. விரல் வலு குறைந்தவர்களுக்கு இது பெரிய உதவி. எல்சிஆரில் முன்குறியை, அதாவது இலக்குப் பார்க்கக் குழல் முனையில் உள்ள குறியை, கழற்றி மாற்றவும் முடியும். வழக்கமான 642இல் அது குழலோடு ஒன்றியது. வண்ணம் பூசிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஆனால் 642இன் ஜே-சட்டக (ஸ்மித் அண்ட் வெஸனின் சிறு ரிவால்வர் சட்டக வகை) மரபு 1950இலிருந்து வருகிறது. அதனால் அதற்கான உறைகளும் கைப்பிடிகளும் எங்கும் கிடைக்கும்.

என் தேர்வு எல்சிஆர். பின்னுதைப்பு மட்டும் இரண்டிலும் கடுமை. இலகு என்று மகிழ்பவர்கள் முதல் பெட்டித் தோட்டா தீருமுன் முகம் சுளிப்பார்கள். எதை வாங்கினாலும் விசையை முழுதாக மூடும் உறையில்லாமல் பையில் வைக்கக் கூடாது.