ஓரத்தை வெட்டும் ஸ்கேனர்: சில வருட அனுபவம்

ஓசூரில் இருக்கும் சித்தப்பா மகன் லிங்க் அனுப்பியிருந்தான். "ண்ணா, உங்ககிட்ட இருக்கிற அதே ஸ்கேனர்தான், விலை நல்லா எறங்கியிருக்கு. வாங்கிடட்டுமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. பங்காளி வீடுகளில் வேறு சிலரும் இதையே கேட்டார்கள் என்பதால் எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். பிளாட்பெட் வகை (கண்ணாடி மேல் படத்தைக் கவிழ்த்து வைப்பது), உள்ளே சிசிடி என்னும் ஒளி உணரும் சென்சார், மூடியிலேயே நெகட்டிவுக்கான விளக்கு. மற்ற விவரமெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது.

கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்துப் பழைய படங்களில் பாதி ஆல்பத்தில் இல்லை, சுவரில் இருந்தன. கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி பக்கத்து ஓட்டு வீடுகளில் பிரேம் போட்டு, கண்ணாடி மேல் சந்தனம் குங்குமம் வைத்து, விறகடுப்புப் புகையிலும் மழைக்கால ஈரத்திலும் காலம் காலமாகத் தொங்கிய படங்கள். ஈரம் ஏறினால் ஃபோட்டோவின் மேல் இருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகி, பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். தாத்தாவும் ஆயாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே படம் அப்படித்தான் ஒட்டிப்போயிருந்தது. அதைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும்.

பின்பலகையையும் சட்டத்தையும் மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியும் படமுமாக அப்படியே ஸ்கேனர் மேல் கவிழ்த்து வைத்தேன். சிசிடி ஸ்கேனருக்குள் உண்மையான லென்ஸ் இருப்பதால், பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இருப்பதும் தெளிவாக விழுகிறது. ஆயா கழுத்துக் காசுமாலையில் காசுகளைத் தனித்தனியாக எண்ண முடிந்தது. பிரிண்டரோடு சேர்ந்து வரும் ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிஐஎஸ் என்ற வேறு வகை சென்சார்தான். அதில் படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் தெளிவு, கொஞ்சம் சுருண்டிருந்தாலும் மங்கிவிடும். பழைய படங்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும், கூடுதல் காசு கொடுக்கலாம்.

அச்சுப் படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைக்கிறேன். 4×6 அங்குலப் படம் அதில் 2400×3600 பிக்சல் வரும், டிஃப் ஃபைல் சுமார் 26 எம்பி. தபால்தலை அளவுப் படங்களுக்கு 1200. அதற்கு மேல் போனால் காகிதத்தின் சொரசொரப்புதான் பெரிதாகத் தெரியும். தூசி, கீறல் நீக்கும் இன்ஃப்ராரெட் வசதியைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் போடவே போடாதீர்கள். அதிலுள்ள வெள்ளியே அந்த ஒளியை மறைப்பதால், படத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடும். கலர் நெகட்டிவுக்குப் போடலாம்.

சரி, இனி என் கோபம்.

இந்த ஸ்கேனரின் மென்பொருளுக்கு ஃபோட்டோ என்றால் நடுவில் இருக்கும் உருவம் மட்டும்தான். பழைய படங்களில் சுற்றிலும் வெள்ளை ஓரம் இருக்கும், சிலவற்றில் ஓரம் அலையலையாக வெட்டியிருக்கும், கீழ் மூலையில் ஸ்டூடியோ பெயர் மேடாக அழுத்தியிருக்கும். மென்பொருள் அதை முழுவதுமாக வெட்டிவிடுகிறது. காரணம் எளிது. மூடியின் உட்புறமும் வெள்ளை, படத்தின் ஓரமும் வெள்ளை. எது படம் எது மூடி என்று அதற்குத் தெரியவில்லை. படத்தின் பின்னால் கறுப்பு சார்ட் பேப்பர் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். தானாக வெட்டுவதை நிறுத்தவும் ஒரு தேர்வு இருக்கிறது. ஆனால் மென்பொருளை மூடித் திறந்தால் அது மறந்துபோகும், மறுபடியும் ஆட்டோ. நிறுவனத்துக்கு எழுதினேன். அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்று பதில் வந்தது. நிறுவினேன். அதே கதைதான்.

வெறும் ஓரத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். எங்கள் ஊர்ப்பக்கப் படங்களுக்கு வயது சொல்வதே ஓரமும் பின்புறமும்தான். பின்னால் ரப்பர் ஸ்டாம்பில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தால், அந்த ஸ்டாம்ப் பெரும்பாலும் 1965 அக்டோபர் 2க்கு முன் செய்ததாக இருக்கும். அன்றுதான் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது. கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004இல். விலாசத்தில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகு. கேஆர்பி அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை, முன்னால் நிற்கும் படம் என்றால் அணை எழும்பிய 1950களின் பிற்பகுதிக்கு முன்னால் இருக்க வாய்ப்பில்லை. பழைய ஸ்டாம்பையே ஸ்டூடியோக்காரர் சில காலம் குத்தியிருக்கலாம் என்பதால் ஒரே தடயத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பேன்.

நெகட்டிவிலும் இதே கதை. பெரியப்பா ஆக்ஃபா கிளிக் 3 கேமரா வைத்திருந்தார். 120 ஃபிலிம், சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். அந்த நெகட்டிவ்களின் விளிம்பில் ஃபிலிம் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். ஓர்வோ என்று இருந்தால் 1964க்கு முந்தையது இல்லை, அந்தப் பெயரே அப்போதுதான் வந்தது. இந்து (INDU) என்று இருந்தால் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் செய்தது, அங்கே உற்பத்தி தொடங்கியது 1967இல். ஸ்கேனரோடு வந்த நெகட்டிவ் சட்டமோ சரியாக அந்த விளிம்பை மறைக்கிறது! சட்டத்தை எடுத்துவிட்டு நேரடியாகக் கண்ணாடியில் வைத்து இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. ஒரு காதுகுத்துப் படம். இடது பக்கம் வெளுத்துப்போயிருந்ததால் மென்பொருள் அதையும் மூடி என்று நினைத்து நறுக்கியிருந்தது. மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கும் வழக்கம் இருந்ததால் தெரிந்தது. முழுதாக எடுத்தபோது அந்த வெளுத்த ஓரத்தில் ஒரு சின்னப் பெண், பாதி உடம்பு மட்டும், கையில் ஏதோ பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியத்தையிடம் காட்டினேன். "இது எங்க அக்காடா, அம்மை வந்து போயிட்டா" என்றார். எங்கள் வம்சவரிசையில் அப்படி ஒருத்தி இருந்ததே எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாது. அவளுக்கு வேறு படமும் இல்லை. இந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது.

தேதி விஷயம் இன்னொரு தலைவலி. ஒரு கல்யாணப் படத்தின் பின்னால் 'சோபகிருது தை' என்று மையில் எழுதியிருக்கிறது. அறுபது வருடச் சுற்றில் அது 1964 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். மென்பொருள் போடுவது ஸ்கேன் செய்த நாளை. அதனால் ஃபோனில் அந்தக் கல்யாணம் போன வருடத் திருவிழாப் படங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியால் தேதியை மாற்றலாம். ஆனாலும் 'ஏறத்தாழ 1958' என்று சொல்ல அந்தத் தேதிக் கட்டத்தில் இடமில்லை. 1970க்கு முந்தைய தேதி என்றால் சில செயலிகள் தடுமாறும், கணினிகள் பல நேரத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி 1970 ஜனவரி 1 என்பதால். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே எழுதிய விவரமெல்லாம் போய்விடும், டாகுமென்டாக அனுப்ப வேண்டும். நான் ஃபைல் பெயரிலேயே வருடத்தை முதலில் எழுதிவிடுகிறேன். உறவுமுறைகளை கிராம்ப்ஸ் என்ற வம்சவரிசை மென்பொருளில் ஏற்றுகிறேன். அதில் 'சுமார்', 'முன்', 'பின்' என்றெல்லாம் தேதி போடலாம், கூட்டப்படத்தில் ஒரு முகத்தை மட்டும் குறித்து ஒரு ஆளோடு இணைக்கலாம். தாத்தா பெயரையே பேரனுக்கு வைக்கும் நம் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

கோடையில் ஸ்கேனர் கண்ணாடியின் உட்புறம் புகைபோல மங்கிவிட்டது. சர்வீஸுக்குப் பெங்களூரு கொண்டு வரச் சொன்னார்கள். தர்மபுரியில் டிவி பழுது பார்க்கும் ஒருவர் என் கண்ணெதிரிலேயே கழற்றித் துடைத்துக் கொடுத்தார், அதற்கப்புறம் தொல்லையில்லை.

வியூஸ்கேன் மாதிரி ஸ்கேனருக்கான தனி மென்பொருள் வாங்கினால் என் கோபத்தில் பாதி தீரும் என்பார்கள். தீரலாம். கருவிக்கு இவ்வளவு கொடுத்தவன் எதற்கு இன்னொரு தடவை கொடுக்க வேண்டும்?

அதனால் தம்பி, வாங்காதே. இதைவிட நல்ல கண்ணாடி இந்த விலைக்குக் கிடைக்காது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த வெட்டும் புத்தியை அவர்கள் சரிசெய்யும்வரை நம் குடும்பத்துக் காசு இன்னொரு தடவை அங்கே போக வேண்டாம். என்னுடையது இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிரேம்களைக் கழற்றாமல், ஈரத்துணியால் துடைக்காமல், துண்டில் சுற்றி எடுத்துவா. படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவில் எதுவும் எழுதாதே, அச்சு முன்னால் தெரியும். பெரியத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாகத் தெரிகிறது. மாசியில் குலதெய்வம் கோயிலுக்கு வருகிறார். அதற்கு முன்னால் கொண்டுவந்தால் பெரிதாக அச்சுப்போட்டு, ஆளுக்கு ஒரு நம்பர் எழுதி அவரிடம் கேட்டுவிடலாம்.