கல்லடிக் கடையின் விலைத்திரை: பைக்கோவில் வீஜிஏ, இரண்டரை வருடங்களுக்குப் பிறகு

மட்டக்களப்பு, கல்லடியில் மாமாவின் அரிசிக் கடையில் ஒரு பழைய 17 அங்குல மொனிட்டர் காலை முதல் இரவு வரை விலை காட்டுகிறது. பின்னால் கணினி கிடையாது. ராஸ்பெரி பை பைக்கோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்று, மொனிட்டரின் வீஜிஏ (பழைய அனலொக் திரை இணைப்பு) பிளக்குக்குப் போகும் சில தடையிகள், விலை மாற்ற நான்கு பொத்தான்கள், அவ்வளவுதான். இரண்டரை வருடமாக ஓடுகிறது. ஆனால் முதல் மூன்று மாதம் நிம்மதியாக ஓடவில்லை.

640×480 படத்துக்குப் பிக்சலுக்கு ஒரு பைட் என்றால் 307,200 பைட் வேண்டும். பைக்கோவின் ஆர்பி2040 சிப்பில் இருப்பதோ 264 கிலோபைட் ராம். முழுப் படமும் உள்ளே கொள்ளாது. அதனால் சிப்பின் இரண்டு கோர்களில் (செயலிகளில்) இரண்டாவது, படத்தின் ஒவ்வொரு கிடைக்கோட்டையும் அந்தந்த நேரத்தில் கோர்க்கிறது. டிஎம்ஏ (கோரின் உதவியில்லாமல் தரவை நகர்த்தும் பகுதி) அதை எடுத்து, சரியான நேரத்தில் ஊசிகளுக்கு அனுப்பும் பிஐஓவுக்குக் கொடுக்கிறது. ஒரு கோட்டுக்குக் கிடைப்பது சுமார் 31.8 மைக்ரோசெக்கன்.

பேண்ட்வித் (நினைவகம் செக்கனுக்குத் தரக்கூடிய தரவின் அளவு) போதாமல் போகும் என்றுதான் முதலில் பயந்தேன். கணக்குப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. திரை கேட்பது செக்கனுக்கு 25 மெகாபைட் அளவு. 126 மெகாஹேர்ட்ஸில் ஒரு நினைவக வழி மட்டும் 500 மெகாபைட்டுக்கு மேல் கொடுக்கும். இருபதில் ஒரு பங்கு கூடத் தேவையில்லை.

அப்படியும் படம் உடைந்தது. மாமாதான் முதலில் கண்டார். “மருமகன், நான் விலை மாத்தேக்க கீரிச்சம்பாவில எழுத்து வெட்டுப்படுது பாருங்க.” கிட்டப் போய்ப் பார்த்தேன். ‘கீ’யின் சுழி ஒரு கணம் பல்லுப் பல்லாகப் பிரிந்து, மறுபடி சேர்ந்தது. பொத்தானை அழுத்தும்போது மட்டும்தான் அப்படி.

காரணம் பிடிபட இரண்டு வாரம் எடுத்தது. எழுத்து வடிவங்களை ஃபிளாஷிலேயே, அதாவது சிப்புக்கு வெளியே இருக்கும் நிரந்தர நினைவகத்திலேயே, வைத்திருந்தேன். 120 வடிவம், ஒன்று 128 பைட், மொத்தம் 15 கிலோபைட். அதிலிருந்து அண்மையில் வாசித்ததைச் சிப்புக்குள் வைத்திருக்கும் கேஷ் 16 கிலோபைட். சும்மா இருக்கும்போது எல்லாம் கேஷுக்குள் அடங்கிவிடும். பொத்தானை அழுத்தினால் முதல் கோரின் மெனு நிரலும் ஃபிளாஷிலிருந்து ஓடிவந்து எழுத்துகளை வெளியே தள்ளும். அப்புறம் ஒவ்வொரு எழுத்துக்கும் நான்கு கம்பி வழியாக வெளியே போய்வர வேண்டும். கோடு பிந்தும், பழைய கோட்டின் மிச்சம் திரைக்குப் போய்விடும். சராசரியில் எல்லாம் சரி. பிந்திய அந்த ஒரு கோடுதான் கண்ணில் குத்தும்.

எழுத்துகளையும் கோடு கோர்க்கும் நிரலையும் சிப்புக்குள் இருக்கும் ராமுக்கு மாற்றினேன். கோர்த்த கோடுகள் தங்கும் பஃபர்கள் இரண்டையும் ராமில் தனியாக இருக்கும் 4 கிலோபைட் பகுதி ஒன்றில் வைத்தேன். வெட்டு அன்றே நின்றது. விலையைச் சேமிக்கும்போது திரை கறுப்பதும் இதோடு போனது. ஃபிளாஷின் ஒரு பகுதியை அழிக்கப் பல பத்து மில்லிசெக்கன் ஆகும். அந்த நேரம் அதிலிருந்து எதையும் வாசிக்க முடியாது. ஒரு படத்துக்கு இருப்பதோ 16.7 மில்லிசெக்கன்தான். இப்போது இரண்டாவது கோர் ஃபிளாஷைத் தொடுவதே இல்லை.

போன வருடம் ஈஎஸ்பி32-எஸ்3 என்ற வேறொரு மைக்ரோகன்ட்ரோலரில் 800×480 பனலும் போட்டுப் பார்த்தேன். பிக்சலுக்கு இரண்டு பைட், படம் 768,000 பைட் என்பதால் வெளி பிஎஸ்ராமில் (கூடுதல் ராம்) வைக்க வேண்டியிருந்தது. ஃபிளாஷும் பிஎஸ்ராமும் ஒரே வழியைப் பங்குபோடுகின்றன. 2013இல் புதுப் பாலம் திறக்கும் வரை பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்க வாகனம் வந்து முடியும் வரை மறுபக்கம் காத்து நின்றது ஞாபகம் இருக்கும், அதே கதைதான். சேமிக்கும்போதெல்லாம் படம் பக்கவாட்டில் நகர்ந்தது. உள் ராமில் சிறு இடைத்தாங்கல் வைத்த பிறகுதான் அடங்கியது.

புதிதாகத் தொடங்குபவருக்கு 520 கிலோபைட் ராம் உள்ள பைக்கோ 2ஐத்தான் சொல்வேன். முழுப் படமும் உள்ளேயே இருக்கும்.

மாமாவின் கடையில் பழையதே ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். கடல் காற்றில் வீஜிஏ பிளக்கின் ஊசிகள் பச்சை பிடிக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்கிறேன். அதைத் தவிர இரண்டு வருடத்துக்கு மேலாக நான் அதில் கைவைக்கவில்லை.